பதின்மூன்று நிமிட வீடியோவும் இரண்டு தொலைபேசி அழைப்புகளும்

சிட்னியின் மெக்வாரி பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வுக்கு வந்த இளைஞர்களின் தோலில் ஒரு சின்னக் கருவியை வைத்து நிறத்தை அளந்தார்கள். வந்தவர்கள் யாருக்கும் தோல் நோய் இல்லை. அவர்களுக்கு இருந்தது மனச்சோர்வு. பிறகு தோலை ஏன் அளக்க வேண்டும்? கேரட், பூசணி, பப்பாளி, கீரை போன்றவற்றில் உள்ள கரோட்டினாய்டு நிறமிகள் இரத்தத்தில் கலந்து தோலில் போய்ப் படியும். காய்கறி, பழம் நிறையச் சாப்பிட்டால் சில வாரங்களில் தோலில் மெல்லிய மஞ்சள் ஏறிவிடும். கண்ணுக்குப் பிடிபடாத அந்த மாற்றம் கருவிக்குப் பிடிபடும். ஒழுங்காகக் காய்கறி சாப்பிட்டீர்களா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் தலையாட்டுவார்கள். உணவு ஆராய்ச்சி முழுவதையும் ஆட்டிவைக்கும் தொல்லை இது. தோலைக் கேட்டால் அந்தத் தொல்லை கொஞ்சம் குறைகிறது.

ஹீதர் பிரான்சிஸ், ரிச்சர்ட் ஸ்டீவன்சன் குழுவினர் செய்த இந்த ஆய்வு 2019இல் வெளியானது. 17 முதல் 35 வயதுக்குட்பட்ட 76 பேர் அதில் இருந்தார்கள். எல்லோருக்கும் மிதமானதோ அதற்கு மேற்பட்டதோ ஆன மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. எல்லோருமே கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவில் இருந்தவர்கள். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உணவியல் நிபுணர் ஒருவர் பேசும் 13 நிமிட வீடியோவைக் காட்டினார்கள். வேண்டியபோது திரும்பப் பார்த்துக்கொள்ளலாம். நாளுக்கு ஐந்து பங்கு காய்கறி, இரண்டு மூன்று பழம், முழுத் தானியம், சர்க்கரை சேர்க்காத பால் பொருள், வாரம் மூன்று முறை மீன், தினமும் மூன்று கரண்டி கொட்டைகளும் விதைகளும், இரண்டு கரண்டி ஆலிவ் எண்ணெய், கூடவே பெரும்பாலான நாட்களில் ஒரு சிறு கரண்டி மஞ்சள்தூள், ஒரு சிறு கரண்டி பட்டைத்தூள். மறுபாதிக்கு எதுவும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

மஞ்சள் என்றதும் நமக்குச் சிரிப்பு வரும். குழம்பில் தினமும் போடுகிற பொருளுக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு வீடியோ தேவைப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தச் சிரிப்பை அதிக தூரம் இழுத்துப் போக முடியாது. மஞ்சள்தூள் மட்டுமே மனச்சோர்வைத் தடுக்குமானால் தமிழ்நாட்டில் மனநல மருத்துவர்களுக்கு வேலையே இருக்காது.

மூன்று வாரத்தில் நடந்தது இதுதான். வீடியோ பார்த்தவர்கள் சொன்னபடி சாப்பிட்டிருக்கிறார்கள். தோலின் நிறமும் அதை ஆமோதித்தது. அவர்களுடைய சராசரி மனச்சோர்வு மதிப்பெண் இயல்பு நிலைக்குள் இறங்கியது. மறுபாதியினர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். 13 நிமிடம், மூன்று வாரம், மருந்தில்லை, மருத்துவரில்லை. ஆன்லைனில் ஆரோக்கிய உணவு வகுப்பு நடத்துகிறவர்களுக்கு இதைவிட நல்ல விளம்பரம் எங்கே கிடைக்கும்? கிடைத்ததை அவர்கள் விடவும் இல்லை.

ஆய்வுக் கட்டுரையின் செய்முறைப் பகுதியைப் பொறுமையாகப் படித்தால் வீடியோவுக்குப் பக்கத்தில் வேறு சில பொருட்களும் தெரியும். ஆலிவ் எண்ணெய், கொட்டைகள், மஞ்சள், பட்டை எல்லாம் வைத்த ஒரு கூடையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். மளிகைச் செலவுக்கு 60 ஆஸ்திரேலிய டாலர் உதவி இருந்தது. முதல் வாரத்திலும் இரண்டாம் வாரத்திலும் ஆய்வுக் குழுவிலிருந்து ஒருவர் போன் செய்து எப்படிப் போகிறது என்று விசாரித்தார். மறுபாதிக்குக் கூடையும் இல்லை, பணமும் இல்லை, போனும் இல்லை.

மனச்சோர்வில் இருக்கும் இருபது வயதுப் பிள்ளை தனியாக ஒரு வாடகை அறையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். யாரோ ஒருவர் ஒரு கூடை நிறையச் சாமான் தருகிறார். அடுத்த வாரம் போன் செய்து சமைத்தாயா என்று கேட்கிறார். மனம் லேசாவதற்கு ஒமேகா கொழுப்பு மட்டும்தான் காரணமா? இந்த அத்தியாயத்தின் கேள்வியே அதுதான்.

மூன்று மாதம் கழித்து வீடியோ பார்த்தவர்களில் 33 பேரைத் தொடர்புகொண்டு கேட்டார்கள். அந்த உணவு முறையை முழுதாகத் தொடர்ந்தவர்கள் ஐந்தில் ஒருவர்தான். ஆனால் குறைந்த மனச்சோர்வு பழைய உயரத்துக்குத் திரும்பியிருக்கவில்லை. பெரும்பாலானோர் அதை முழுதாகத் தொடராதபோதும் பலன் ஏன் நிலைத்தது? ஓரளவு நல்ல உணவு தங்கியிருக்கலாம். ஒரு காரியத்தைத் தொடங்கி மூன்று வாரம் செய்து முடித்தோம் என்ற தெம்பு தங்கியிருக்கலாம். அந்த ஆய்வு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும்படி அமைக்கப்படவில்லை.

பிரித்துப் பார்க்க முயன்றவர்கள் உண்டு. இந்தத் துறையைத் தொடங்கி வைத்தவர் என்றே சொல்லக்கூடிய பெலிஸ் ஜாக்கா, 2010இல் ஆஸ்திரேலியாவின் ஜீலாங் வட்டாரத்தில் 1,046 பெண்களிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார். காய்கறி, பழம், மீன், இறைச்சி, முழுத் தானியம் என்று வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டவர்களிடம் மனச்சோர்வு குறைவாகவும், பொரித்தது, பதப்படுத்தியது, இனிப்பு என்று சாப்பிட்டவர்களிடம் அதிகமாகவும் இருந்தது. ஆனால் மனம் சோர்ந்ததால் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார்களா, பிஸ்கட் தின்றதால் மனம் சோர்ந்ததா என்று இத்தகைய கணக்கெடுப்பு சொல்லாது. எனவே அவரே ஒரு சிகிச்சைச் சோதனையில் இறங்கினார். ஸ்மைல்ஸ் என்று பெயர். 2017இல் முடிவு வந்தது.

ஸ்மைல்ஸில் சேர்ந்த 67 பேரும் லேசான வருத்தத்தில் இருந்தவர்கள் அல்ல. மிதமானதிலிருந்து தீவிரம் வரையிலான மனச்சோர்வு நோயாளிகள். பெரும்பாலோர் ஏற்கெனவே மருந்திலோ உளவியல் சிகிச்சையிலோ இருந்தார்கள். 33 பேருக்கு 12 வாரத்தில் ஏழு முறை உணவியல் நிபுணருடன் ஒரு மணி நேரச் சந்திப்பு. மத்தியதரைக்கடல் நாடுகளின் பாணியில் கொஞ்சம் மாற்றியமைத்த உணவு. இங்கே மறுதரப்பை வெறுங்கையோடு அனுப்பவில்லை என்பதுதான் முக்கியம். 34 பேருக்கும் அதே எண்ணிக்கையில், அதே நேர அளவில் நட்புச் சந்திப்பு. கிரிக்கெட்டோ சினிமாவோ செய்தியோ, அவருக்குப் பிடித்ததைப் பேசலாம். பேச்சு ஓடாவிட்டால் சீட்டு விளையாடலாம். சிகிச்சை என்று எதுவும் கிடையாது, துணைக்கு ஒரு மனிதர் மட்டும். 12 வார முடிவில் உணவுத் தரப்பில் 32 விழுக்காட்டினர் நோய் அறிகுறிகளிலிருந்து விடுபட்ட நிலையை அடைந்தார்கள். நட்புத் தரப்பில் 8 விழுக்காட்டினர்.

இது சிறிய வித்தியாசம் அல்ல. அக்கறையாக ஒருவர் பேசியதுதான் காரணம் என்று தள்ளிவிட முடியாதபடி ஜாக்கா வழியை அடைத்திருக்கிறார். ஆனாலும் ஒரு வழி திறந்தே இருக்கிறது. மருந்துச் சோதனையில் சர்க்கரை மாத்திரை கொடுத்து ஏமாற்றலாம். உணவில் அது நடக்காது. தட்டில் மீனும் கீரையும் இருக்கிறதா, எதிரே சீட்டுக்கட்டு இருக்கிறதா என்று நோயாளிக்குத் தெரியும். உணவு ஆய்வு என்று தெரிந்து சேர்ந்தவருக்குச் சீட்டுக்கட்டு கிடைத்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். உணவுத் தரப்பில் 33 பேரில் 31 பேர் கடைசி வரை வந்தார்கள். நட்புத் தரப்பில் 34 பேரில் 25 பேர். எதிர்பார்ப்பு தன் வேலையைக் காட்டியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டியதில்லை. ஸ்மைல்ஸை நான் ஒதுக்கவில்லை. 67 பேரை வைத்து உலகத்துக்கே முடிவு கட்டுவதைத்தான் ஒதுக்குகிறேன்.

சோதனைகளை எல்லாம் ஒன்றாகக் கூட்டிப் பார்த்த 2019ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்று இருக்கிறது. 16 சோதனைகள், 45,826 பேர். உணவை மாற்றினால் மனச்சோர்வு அறிகுறிகள் சிறிதளவு குறைகின்றன, பதற்றம் குறைவதாகத் தெரியவில்லை என்பது அதன் சாரம். சிறிதளவு என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றுமில்லை என்றும் படிக்கக்கூடாது, அற்புதம் என்றும் படிக்கக்கூடாது.

அறிகுறிகள் குறைந்தன என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? பெரும்பாலும் ஒரு படிவத்தை வைத்துத்தான். உலகில் அதிகம் புழங்குவது பிஹெச்க்யூ-9. 2001இல் வந்தது. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும். 10ஐத் தொட்டால் கவனிக்க வேண்டிய மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று பொருள். அந்த ஒன்பதில் ஒன்று பசியின்மை அல்லது அளவுக்கு மீறிச் சாப்பிடுவதைப் பற்றியது. இன்னொன்று தூக்கம். இன்னொன்று உடல் அசதி. ராத்திரி பதினொரு மணிக்குக் குளிர்பானமும் சிப்ஸும் என்று இருந்தவர் எட்டு மணிக்குச் சோறும் கூட்டும் சாப்பிட்டுப் படுத்தால் இந்த மூன்றிலும் மதிப்பெண் இறங்கும். அவருடைய துக்கம், தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம், எதிலும் நாட்டமின்மை எல்லாம் அசையாமல் அப்படியே இருந்தாலும் மொத்தக் கூட்டல் குறையும். தூங்குவதும் அசதி தீர்வதும் நல்லதுதான், யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் உணவு வகுப்பின் விளம்பரத்தில் மனச்சோர்வு குறைந்தது என்று ஒற்றை வரியில் வரும்போது எந்தக் கேள்வியில் குறைந்தது என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

இப்போது என்னை மிகவும் யோசிக்க வைத்த ஆய்வுக்கு வருகிறேன். மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், பிரபல சமையல் கலைஞர் ஜேமி ஆலிவரின் பெயரில் ஒரு சமையல் வகுப்பு நடந்தது. வாகனத்தில் அமைத்த நடமாடும் சமையலறை. வாரம் ஒரு வகுப்பு, ஏழு வாரம். இதில் கலந்துகொண்ட 657 பேரை 2016 முதல் 2018 வரை எடித் கோவன் பல்கலைக்கழகத்தினர் தொடர்ந்து கவனித்தார்கள். வகுப்பு முடிந்தபோது அவர்களின் மனநலமும் பொதுவான உடல்நலமும் உற்சாகமும் மேம்பட்டிருந்தன. ஆறு மாதம் கழித்தும் பலன் நீடித்தது. சமைக்க முடியும் என்ற தன்னம்பிக்கை கூடியிருந்தது. மாறாமல் இருந்தது ஒன்றுதான்: அவர்கள் மொத்தத்தில் என்ன சாப்பிட்டார்கள் என்பது.

மனநலத்துக்காக உணவு என்ற தலைப்பில் எழுதும் யாரையும் இந்த முடிவு கொஞ்சம் சங்கடப்படுத்தும். தட்டு மாறவில்லை, மனம் மாறியிருக்கிறது. வெங்காயம் நறுக்கியது, பக்கத்தில் நின்றவரோடு பேசியது, தன் கையால் செய்ததை நாலு பேர் சாப்பிட்டது, அடுத்த வாரம் போக ஓர் இடம் இருந்தது என்பவை எல்லாம் சேர்ந்து வேலை செய்திருக்கலாம்.

மனநலத் துறைக்கு இது அந்நியமான விஷயம் அல்ல. அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சன் 1970களில் வளர்த்தெடுத்த கருத்து ஒன்று உண்டு. மனம் சோர்ந்தவர் வேலைகளைக் குறைக்கிறார். வேலை குறைந்ததால் அதில் கிடைக்கும் சின்னச்சின்ன நிறைவும் குறைகிறது. நிறைவு குறைந்ததால் இன்னும் சோர்கிறார். இந்தச் சுழலை வெட்ட, மனம் வரட்டும் என்று காத்திராமல் முதலில் ஒரு காரியத்தைச் செய்ய வைப்பதுதான் செயலூக்கச் சிகிச்சை. இங்கிலாந்தில் 440 பேரிடம் நடந்து 2016இல் வெளியான கோப்ரா சோதனையில், பெரிய பயிற்சி பெறாத இளநிலை ஊழியர்கள் கொடுத்த இந்தச் சிகிச்சை, தேர்ந்த நிபுணர்கள் கொடுத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குக் குறைந்ததாக இல்லை. நம் நாட்டிலேயே கோவாவில் சங்கத் தொண்டு நிறுவனமும் மனநல மருத்துவர் விக்ரம் படேலும், உளவியல் பட்டம் இல்லாத உள்ளூர் ஆலோசகர்களைப் பயிற்றுவித்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதே முறையைக் கொடுத்தார்கள். ஆறிலிருந்து எட்டு அமர்வுகள். 2017இல் வெளியான முடிவில் அந்தத் தரப்பில் 64 விழுக்காட்டினர் நோய் நிலையிலிருந்து மீண்டார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காடு.

சமையலை இந்தக் கண்ணோடு பார்த்தால் ஏறக்குறைய செயலூக்கச் சிகிச்சைக்கென்றே செய்து வைத்ததுபோல இருக்கிறது. தினமும் வந்து நிற்கிற வேலை. அரை மணியில் முடியும். முடிந்ததும் பலன் கண்முன் ஆவி பறக்க இருக்கும். வெளியே போய்ச் சாமான் வாங்க வேண்டியிருப்பதால் வெயிலும் நாலு மனித முகமும் சேர்ந்து கிடைக்கும்.

அப்படியென்றால் உணவில் உள்ள சத்துக்கு வேலையே இல்லையா? அப்படியும் சொல்லமாட்டேன். உடலில் நீடிக்கும் அழற்சி, குடல் நுண்ணுயிர்கள், இரும்பு, பி-12, ஃபோலேட் பற்றாக்குறை ஆகியவற்றுக்கும் மனநிலைக்கும் தொடர்பு இருப்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. ஆன்லைன் வகுப்புகளின் முதல் பாடத்திலேயே வரும் ஒரு வாக்கியத்தை மட்டும் சந்தேகத்தோடு பாருங்கள்: உடலின் செரடோனினில் 90 விழுக்காட்டுக்கு மேல் குடலில்தான் உற்பத்தியாகிறது, ஆகவே குடலைச் சரிசெய்தால் மனம் சரியாகும். முதல் பாதி உண்மை. ஆனால் குடலில் உண்டாகும் செரடோனின் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாண்டி மூளைக்குள் போவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. குடலும் மூளையும் பேசிக்கொள்ள வேறு வழிகள் உண்டு. இந்த வழி மட்டும் இல்லை.

சத்தை மட்டும் தனியே எடுத்து மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையும் நடந்திருக்கிறது. நெதர்லாந்து, ஜெர்மனி, ஸ்பெயின், பிரிட்டன் நாடுகளில் 1,025 பேர், ஓராண்டு. மூட்ஃபுட் என்று பெயர், 2019இல் வெளியானது. ஒமேகா-3, செலினியம், ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, கால்சியம் எல்லாம் சேர்த்துக் கொடுத்தும் மனச்சோர்வு நோய் வருவதை மாத்திரை தடுக்கவில்லை. அதே சோதனையில் உணவுப் பழக்கத்தை மாற்றும் உளவியல் பயிற்சியும் 21 அமர்வுகள் வரை இருந்தது. மொத்தமாகப் பார்த்தால் அதுவும் தடுக்கவில்லை. எட்டு அமர்வுகளுக்காவது வந்தவர்களிடம் மட்டும் கொஞ்சம் பலன் தெரிந்தது. ஆனால் எட்டு முறை எழுந்து கிளம்பி வரக்கூடிய தெம்பு உள்ளவர் முதலிலேயே தேறும் நிலையில் இருந்தவராகவும் இருக்கலாம்.

ஆன்லைன் வகுப்புகளின் பெரிய சிக்கல் இங்கேதான். பாதியில் விட்டுப்போகிறவர்கள் யார் என்பது. ஹார்வர்டும் எம்ஐடியும் 2012–13இல் நடத்திய முதல் 17 இலவச ஆன்லைன் பாடங்களில் 8,41,687 பதிவுகள் நடந்தன. சான்றிதழ் வாங்கியவை 43,196. சேர்ந்து விட்டுப் பாடத்தைத் திறந்தே பார்க்காத பதிவுகள் 2,92,852. இத்தனைக்கும் அவை ஆர்வத்தோடு படிக்க வந்தவர்களின் கணக்கு. எந்த வேலையையும் தொடர முடியாமல் போவதே நோயின் அடையாளமாக உள்ளவர்கள் சேர்ந்தால் என்ன ஆகும்? இணையவழி நலத் திட்டங்களில் ஆட்கள் கழன்றுபோவது விதிவிலக்கல்ல, விதியே அதுதான் என்று ஆய்வாளர் குந்தர் ஐசன்பாக் 2005இலேயே எழுதினார். ஆயிரம் பேர் சேர்ந்து ஐம்பது பேர் முடித்து, அந்த ஐம்பதில் நாற்பத்தைந்து பேர் தேறினோம் என்று படிவத்தில் குறித்தால், 90 விழுக்காட்டினருக்குப் பலன் என்று விளம்பரம் போடலாம். பொய்யில்லை. மீதி 950 பேரிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆன்லைன் என்பதாலேயே இது உதவாது என்று முடிவுகட்டுவதும் தவறு. ஜாக்காவின் ஆய்வு மையம் இருக்கும் டீக்கின் பல்கலைக்கழகத்திலேயே ஏட்ரியன் ஓநீல் தலைமையில் காம் என்ற சோதனை நடந்தது. கொரோனாக் காலம் என்பதால் எல்லாமே காணொளியில். 182 பேரில் ஒரு தரப்புக்கு உணவியல் நிபுணரும் உடற்பயிற்சி நிபுணரும் சேர்ந்து நடத்திய குழு வகுப்பு. மறுதரப்புக்கு உளவியலாளர்கள் நடத்திய குழுச் சிகிச்சை. எட்டு வாரத்தில் ஆறு அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். 2024இல் வெளியான முடிவின்படி மனச்சோர்வு மதிப்பெண் முதல் தரப்பில் 42 விழுக்காடும் இரண்டாவதில் 37 விழுக்காடும் குறைந்தது. உணவு வகுப்பு உளவியல் சிகிச்சைக்குச் சளைத்ததாக இல்லை. எதுவும் பெறாத மூன்றாவது தரப்பு இல்லாததால், தானாகவே எவ்வளவு குறைந்திருக்கும் என்பது இதிலிருந்து தெரியாது. ஆனால் உளவியலாளர் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய ஊர்களுக்கு இது பெரிய செய்தி.

காம் ஆன்லைன்தான், ஆனால் திரையின் மறுபக்கம் ஆள் இருந்தார். சுற்றிலும் கட்டங்களில் மற்றவர்களின் முகங்கள் இருந்தன. ஒருவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆட்கள் இருந்தார்கள். பதிவுசெய்த முப்பது வீடியோக்களையும் ஒரு பிடிஎஃப் உணவு அட்டவணையையும் விற்கும் வகுப்பும் ஆன்லைன்தான். காம் சோதனையின் முடிவைக் காட்டி அதை விற்பது நியாயமில்லை. மெக்வாரியின் முடிவைக் காட்டி விற்பதும் நியாயமில்லை, கூடையும் அந்த இரண்டு போன் அழைப்புகளும் சேர்த்துத் தராதவரை.

என்னைக் கேட்டால் வீடியோவின் தரத்தைவிட அந்த அழைப்புகளுக்குத்தான் வகுப்பு நடத்துகிறவர்கள் செலவு செய்ய வேண்டும். உணவியல் நிபுணர்தான் வேண்டும் என்பதில்லை. கோவாவின் ஆலோசகர்களைப் போலப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர் ஒருவர் வாரம் பத்து நிமிடம் கூப்பிட்டுப் பேசினால் போதும். பட்டியலில் ஆலிவ் எண்ணெய் இருந்தால் மாதக் கடைசியில் அதை யார் வாங்குவது என்று அவருக்குத்தான் தெரியும். ஸ்மைல்ஸில் உணவுச் செலவைக் கணக்கிட்டபோது, பங்கேற்றவர்கள் முன்பு வாரத்துக்குச் சராசரியாகச் செலவிட்ட 138 டாலரைவிடப் புதிய உணவு 112 டாலரில் குறைவாகவே முடிந்தது. ஆனால் அது ஆஸ்திரேலிய விலையில் போட்ட கணக்கு. நம் ஊர் மளிகைச் சீட்டோடு அந்தக் கணக்கை யாராவது உட்கார்ந்து போட வேண்டும்.

பிஹெச்க்யூ-9இன் ஒன்பதாவது கேள்வியை இதுவரை சொல்லவில்லை. செத்துப்போனால் தேவலை என்ற எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்று அது கேட்கும். பல ஆன்லைன் வகுப்புகள் தங்கள் பலனைக் காட்டுவதற்காக முதல் நாளும் கடைசி நாளும் இந்தப் படிவத்தை நிரப்பச் சொல்கின்றன. மருத்துவமனையில் அந்தக் கேள்விக்கு 0 அல்லாத பதில் வந்தால் அன்றே ஒருவர் உட்கார்ந்து பேசுவதுதான் முறை. பதிவுசெய்த வகுப்பில் அந்தப் பதில் ஒரு கணக்குத் தாளில் போய் விழும். மாதக் கடைசியில் சராசரி எடுக்கும்போதுதான் யாராவது திறப்பார்கள். படிவத்தை வைப்பவர்கள் அந்தப் பதிலை அன்றே படிக்க ஓர் ஆளையும் வைக்க வேண்டும். அதற்கு வழியில்லாதவர்கள் படிவத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் டெலி மானஸ் எண்ணைப் போடட்டும்: 14416. இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவசச் சேவை. 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.